இரண்டு பொட்டலம் அரளி

பூ கேட்டுவிடலாம் என்று அம்மா சொன்னதும் நான் மறுபேச்சில்லாமல் சரி என்றேன். அம்மாவே திகைத்துப்போனாள். கால் கிலோ தக்காளி வாங்கவும் நாலு கேள்வி கேட்கிறவள் நான். ராணுவத்தில் சேர்வதா வேண்டாமா என்பதை இரண்டு இலைப் பொட்டலங்கள் முடிவு செய்யட்டும் என்றால், வழக்கமாக வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அன்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவ்வளவு நல்ல காரணம் அல்ல.

எங்கள் பக்கம் பூ கேட்பது ஒன்றும் புதிதில்லை. பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது என்று மனம் இரண்டாக நிற்கும் எந்தக் காரியத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் போவார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி கற்பூரம் காட்டி, தட்டைக் குலுக்கி நீட்டுவார். காரியத்துக்கு உரியவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் அதோடு பேச்சு முடிந்தது. சிவப்பை மீறிக் கிணறு வெட்டியவர்களின் கதைகள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. எந்தக் கதையிலும் தண்ணீர் வந்ததாகக் கேட்டதில்லை.

கம்பைநல்லூர் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை. கொல்லை என்றால் எங்கள் பேச்சில் விளைநிலம். அதில் பாதிக்கு மேல் அரளிதான், வெள்ளையும் சிவப்பும். அரளியை மொட்டாக இருக்கும்போதே பறித்தால்தான் கடையில் எடுப்பார்கள். வெயில் ஏறினால் விரிந்துவிடும். அதனால் கிழக்கு வெளுக்கும் முன்பே செடிக்குள் நுழைந்துவிடுவோம். எட்டு வயதில் தொடங்கிய வேலை. அந்த மங்கலில் கண்ணுக்கு வேலையில்லை, விரல்தான் பார்க்கும். வெள்ளரளி மொட்டு ஒல்லி, நுனி கூராக இருக்கும். எங்கள் செவ்வரளி அடுக்குப்பூ ரகம், மொட்டு அடியில் கொழுத்திருக்கும். வாழையிலை என்ன, கம்பளியில் சுற்றிக் கொடுத்தாலும் எது எது என்று என் விரல் சொல்லிவிடும்.

ஆகவே பூ கேட்டால் நான் தோற்க மாட்டேன். வெள்ளையைத் தொட்டு எடுத்துவிட்டு, ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று கிளம்பிவிடலாம். சாமியை ஏமாற்றப் போகிறோமே என்று உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. களியில் போடும் ஒரு சிட்டிகை உப்பு அளவுக்கு.

இது ஆரம்பித்தது ஓட்டத்தில். பள்ளியிலிருந்தே நான் ஓடுவேன். பி.காம். இரண்டாம் வருடம் படிக்கும்போது, ராணுவத்தில் நான்கு வருடச் சேர்க்கைக்குப் பெண்களையும் எடுக்கிறார்கள் என்று செல்போனில் பார்த்தேன். ராணுவப் போலீஸ் வேலை. இருபத்தொன்று வரைக்கும் வயது, எனக்கு இருபது. கேட்ட உயரம் இருந்தது. ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஏழரை நிமிடத்தில் ஓட வேண்டும் என்று போட்டிருந்தது. இவ்வளவுதானா என்று சிரித்தேன்.

அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். அப்பா பேச்சைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவர். "ஓடிப் பாரு" என்றார். அன்று மாலையே ஏரிக்கரை மண்பாதையில் வண்டியை ஓட்டி, மீட்டரைப் பார்த்துத் தூரம் அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டார். நான் ஓடினேன். அவர் பின்னாலேயே வண்டியில் வந்தார், செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு. ஏழு நிமிடம் ஐம்பது விநாடி. சிரித்த சிரிப்பெல்லாம் மூச்சிரைப்பில் போய்விட்டது. கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அப்பா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, "நாளைக்கும் வரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

நாளைக்கும் போனோம். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் போனோம். ஏழு நாற்பது, ஏழு இருபது, ஏழு. ஒரு நாள் ஆறு நிமிடம் ஐம்பது விநாடி வந்தபோது அப்பா வண்டியை நிறுத்திவிட்டுச் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக் கொடுக்கும்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நல்ல விலை கிடைத்த நாளில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் அந்த ஆறு ஐம்பது கம்பைநல்லூர் வரைக்கும் போய்விட்டது. அங்கே எங்கள் பூவை எடுக்கிற கமிஷன் கடைக்காரர் ஒரு பாய். பூ மூட்டையைத் தராசில் வைப்பதற்கு முன்னால் அவர் அப்பாவிடம், "நேத்து எத்தனை நிமிசங்க?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார். அப்பா சொல்வார். பக்கத்துக் கடைக்காரர்களும் காதைக் கொடுப்பார்கள். நான் ஒரு நாள் அப்பாவோடு போனபோது பாய், "வாங்க மிலிட்டரி, உக்காருங்க" என்று நாற்காலி போட்டார். நான் அப்போது தேர்வுகூட எழுதியிருக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. அப்பா மூட்டையைப் பிரிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா நேர் எதிர். மனசில் இருப்பது வாயில் வந்துவிடும். "பொட்டப் புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு? நாலு வருசம் கழிச்சி வந்தா இருவத்தி நாலு வயசு. அப்பறம் எவன் வந்து கேப்பான்?" என்று காலையில் தொடங்குவாள். திட்டிக்கொண்டே இரண்டு முட்டையை அவித்து என் தட்டில் போடுவாள். திருமணமாகாதவள் என்று சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். அன்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருல எல்லாரும் கலியாணம் ஆச்சுன்னு சர்ட்டிபிகேட் வாங்குறாங்க. ஆவலைன்னு வாங்குறவ நீ ஒருத்திதான்டி."

எழுத்துத் தேர்வில் தேறினேன். ஓட்டத்தில் முதல் பிரிவில் வந்தேன். மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "தருமபுரியா?" என்றார். எங்கள் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பல்லில் மஞ்சள் கோடு போட்டுவிடும். பல்லால் போய்விடுமோ என்று நினைத்தேன். அவர் எதையோ குறித்துக்கொண்டு, "பல்லு ஸ்ட்ராங்கா இருக்கு, போ" என்றார். தேறியவர்கள் பட்டியலில் என் எண் வந்தது. இரண்டு வாரத்தில் சென்னையில் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும் என்றும், அங்கிருந்து பெங்களூருக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போவார்கள் என்றும் தகவல் வந்தது. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பெங்களூரில் கட்டட வேலையிலோ கம்பெனியிலோ இருக்கிறார். காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். நான் மட்டும் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும்.

அதுவரைக்கும் ஓடுவதும் எழுதுவதும்தான் வேலையாக இருந்தது. இப்போதுதான் போவதா வேண்டாமா என்பது நிஜமானது. இந்த முறை போகாவிட்டால் அடுத்த சேர்க்கைக்குள் எனக்கு வயது தாண்டிவிடும்.

பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். எங்கள் பங்காளி வகையறாவில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் அவர் வாயிலிருந்து வர வேண்டும். காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாலு வருசம் முடிஞ்சதும் நாலு பேர்ல ஒருத்தரைத்தான் வெச்சுக்குவாங்களாம். மீதி மூணு பேரு மறுபடி வூட்டுக்குத்தான வரணும்?"

"அந்த ஒருத்தி நானா இருக்கக் கூடாதாங்க பெரியப்பா?"

"இல்லன்னா?"

"இல்லன்னா இருபத்தி நாலு வயசுல வேற வேலைக்குப் போறேன். இங்கயே இருந்தாலும் எனக்கு இருபத்தி நாலு வயசு ஆவுங்களே."

"வாய் மட்டும் கிழியுது" என்றார் அம்மாவைப் பார்த்து. "ஓசூரு கம்பெனி பஸ்சு நம்மூரு வாசலுக்கே வந்து புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போவுது. சாயங்காலம் வூட்டுல கொண்டாந்து வுடுறான். அதுல என்ன கொறை?"

குறை ஒன்றுமில்லை. என்னோடு படித்த இரண்டு பேர் அந்த பஸ்ஸில் போய் வருகிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. பிறந்ததிலிருந்து நான் இன்னாருடைய மகள், இன்னாருடைய தம்பி மகள். யாருடைய மகள் என்றே தெரியாத இடத்தில் என்னை நிறுத்தினால் நான் எத்தனையாவதாக வருவேன் என்று எனக்குப் பார்க்க வேண்டும். முதலாவதாக வருவேன் என்றுதான் தோன்றியது. இதைத் திமிர் என்றால் திமிர்தான், அது இல்லாமல் யாரும் அந்த மண்பாதையில் மூன்று மாதம் வாந்தி எடுத்துக்கொண்டு ஓட மாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயம் என்னைப் பிடித்து இழுத்தது. காலையில் நானும் அம்மாவும் ஆளுக்குப் பாதிக் கொல்லை பறிப்போம். அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, நின்று பறிக்க முடியாது, கட்டுவதும் கொண்டுபோவதும்தான் அவர் பங்கு. நான் போனால் என் பாதியும் அம்மாவுக்கு. அம்மா இதை ஒரு முறைகூடச் சொல்லவில்லை. கல்யாணத்தைச் சொன்னாள், துப்பாக்கியைச் சொன்னாள், பனியைச் சொன்னாள். இதைச் சொல்லியிருந்தால் நான் போயிருப்பேனா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

பெரியப்பா கடைசியில் அப்பாவிடம் திரும்பினார். "நீ என்னடா சொல்ற?"

"அவ இஷ்டம்" என்றார் அப்பா.

யார் கேட்டாலும் அதுதான் பதில். பாய் கேட்டாலும், பக்கத்துக் கொல்லைக்காரர் கேட்டாலும், அம்மா அழுது கேட்டாலும், "அவ இஷ்டம்." என் பக்கம் ஒரு ஆள் இருக்கிறார் என்று நான் நிமிர்ந்து நடந்ததே அந்த இரண்டு வார்த்தையில்தான். பேச்சு எங்கும் போய்ச் சேராமல் நின்றபோதுதான் அம்மா, "ஆத்தாகிட்ட பூ கேட்டுடலாம்" என்றாள். பெரியப்பாவுக்கு அது பிடித்தது. வெள்ளிக்கிழமை என்று முடிவானது. கோயிலுக்கு அரளி எப்போதும் எங்கள் கொல்லையிலிருந்துதான் போகும். "பூவை நானே கட்டிக் கொண்டாறேன்" என்றார் அப்பா.

கோயில் ஊருக்குத் தெற்கே, புளியமரத்தடியில். நாங்கள் நாலு பேரும் பூசாரியும்தான். பெரியப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். அம்மா குளித்த ஈரத் தலையோடு கைகூப்பி நின்றாள், உதடு அசைந்துகொண்டே இருந்தது. அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். இந்த ஐந்து பேரில் அன்று சாமியிடம் நேர்மையாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அது எனக்கு அப்போது தெரியாது.

அப்பா மடியிலிருந்து இரண்டு பொட்டலத்தையும் எடுத்துத் தட்டில் வைத்தார். ஒரே அளவு, ஒரே கட்டு. பூசாரி அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு தட்டைக் குலுக்கி என் முன்னால் நீட்டினார்.

"கண்ண மூடிக்கம்மா. மனசுல நெனச்சிக்கிட்டு ஒன்ன எடு."

கண்ணை மூடினேன். நான் நினைத்ததெல்லாம் வெள்ளை எங்கே என்பதுதான். வலது கைப் பொட்டலத்தில் விரலை வைத்தேன். கொழுத்த மொட்டு. செவ்வரளி. சரி, அப்படியென்றால் மற்றது. விரலை நகர்த்தி அதன்மேல் வைத்தேன்.

அதுவும் கொழுத்திருந்தது.

ஏதோ தப்பாகத் தொட்டுவிட்டேன் என்று மறுபடி முதலாவதைத் தொட்டேன். மறுபடி இரண்டாவது. பன்னிரண்டு வருடம் பறித்த பூ. விரல் பொய் சொல்லாது. இரண்டும் சிவப்பு.

"தடவக் கூடாதும்மா. தொட்டத எடு" என்றார் பூசாரி.

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அப்பா தட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. துண்டு முனையிலிருந்த ஒரு நூலைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக் கோடு போட்ட கை. அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது, காது சூடாகிவிட்டது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே. மூன்று மாதம் பின்னால் வண்டியில் வந்துவிட்டு, ஊரெல்லாம் நிமிடம் சொல்லிவிட்டு, சாமி முன்னால் கொண்டுவந்து கழுத்தறுக்கிறாரே என்று நினைத்தேன். நானும் ஏமாற்றத்தான் வந்திருந்தேன் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை.

ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

"ஆத்தா சொல்லிட்டா" என்றார் பெரியப்பா. "முடிஞ்சிது. வாங்க போலாம்."

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கேட்டது கிடைத்தும் அழுதாள்.

தட்டில் இன்னொரு பொட்டலம் கிடந்தது. அதைப் பிரிக்கச் சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் ஜெயித்துவிடுவேன். ஆனால் அண்ணன் முன்னால், பெண்டாட்டி முன்னால், கோயில் பூசாரி முன்னால் அப்பா பொய்யர் ஆகிவிடுவார். மாலைக்குள் அது பாய் கடைக்குப் போகும். மகளை மிலிட்டரி என்று கூப்பிட்டு நாற்காலி போட்ட இடத்தில் அவர் எப்படி மூட்டையை இறக்குவார்? கோபம் அப்படியே இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வேறு வார்த்தை வந்தது.

"ஆத்தா வேணாம்னு சொல்லிட்டா. நான் கேட்டுக்கிட்டேன். ஆனா நான் போறேன்."

பெரியப்பா திரும்பிய வேகத்தில் தோளிலிருந்த சட்டை கீழே விழுந்தது. "என்ன சொன்ன?"

"போறேன்னு சொன்னேங்க. வர்ற கெட்டது என் தலைல வரட்டும்."

அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஆத்தா வாக்க மீறிப் போவாதடி. போனா நீ திரும்பி வர மாட்ட. வேணான்டி கண்ணு. நீ ஓசூருக்குப் போ, எங்கயாவது போ, இதுக்கு மட்டும் போவாத." இதுவரை அவள் என்னைத் திட்டித்தான் தடுத்தாள். அன்று கெஞ்சினாள். அவள் உண்மையாகவே என் பிணத்தைப் பார்த்துவிட்டவள் மாதிரி பேசினாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. ஆனால் கையை விடுவித்துக்கொண்டேன்.

அப்போது அப்பா முன்னால் வந்தார். தட்டில் கிடந்த இரண்டாவது பொட்டலத்தை எடுத்தார். நாரை அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து அறுத்தார். உள்ளங்கையில் கொட்டி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினார். சிவப்பு மொட்டுகள்.

"ஆத்தா ஒன்னும் சொல்லல" என்றார். "நான்தான் ரெண்டுலயும் செவப்பு வெச்சேன். புள்ள மேல எந்தக் கொறையும் இல்ல."

பெரியப்பா பேசினார். என்ன பேசினார் என்று எழுத முடியாது, நல்ல வார்த்தையாக ஒன்றும் இல்லை. பூசாரி, "கோயில்ல வந்து வெளயாடறீங்களா? பதினோரு தேங்கா ஒடச்சி, ஒரு பொங்கல் வெச்சி மன்னிப்பு கேக்கணும்" என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலை குனிந்தே இருந்தது. ஒரு நாளும் யாரிடமும் தலைகுனியாத மனிதர். எனக்காக ஒரு பொய் செய்து, எனக்காகவே அதை உடைத்தும் போட்டார். சாமி சாபத்தைத் தலையில் சுமந்துகொண்டு நான் ரயில் ஏறக் கூடாது என்பதுதான் அவருக்கு அந்த நேரத்தில் பெரிதாக இருந்திருக்கிறது. எனக்கு அது புரிந்தபோது கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

பூசாரி கொஞ்சம் இறங்கி வந்தார். "நான் போயி வேற பூ பறிச்சாந்து முறையா வெக்கிறேன். மறுபடி கேட்டுடலாம்."

"வேணாங்க" என்றாள் அம்மா.

எல்லாரும் அவளைப் பார்த்தோம். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போறேன்னு அவதான் சொல்லிட்டாளே. இன்னும் எதுக்குப் பூ? ஆத்தாளுக்கு வேற வேல இருக்குது" என்றாள்.

வீட்டுக்கு அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். பாதி வழியில் ஏரிக்கரையில், சுண்ணாம்புக் கோடு இருந்த இடத்தில் அப்பா வண்டியை மெதுவாக்கினார். கோடு மழையில் கரைந்து பாதிதான் தெரிந்தது. திரும்பிப் பார்க்காமலேயே பேசினார்.

"எனக்குப் பயமா இருக்குதுன்னு சொல்ல வாய் வரல கண்ணு. ஊரெல்லாம் பேசிட்டேன். அதான் ஆத்தா வாயால சொல்ல வெக்கலாம்னு பாத்தேன்."

"நானும் வெள்ளையத் தொட்டுப் பாத்து எடுக்கலாம்னுதான் வந்தேன்பா."

வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. அப்பா சிரிக்கிறார் என்று அவர் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். "திருட்டுக் கழுத" என்றார்.

மறுநாள் விடியலில் பறிக்கப் போனோம். நான் என் பாதியில், அம்மா அவள் பாதியில். எல்லையில் சந்திக்கும்போது அம்மா கையை நிறுத்தாமல் சொன்னாள்: "நேத்து நீ ரெண்டு பொட்டலத்தையும் ரெண்டு ரெண்டு தரம் தொட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. நானும் பூதான பறிக்கிறேன்."

"தெரிஞ்சும் ஏம்மா ஒன்னும் சொல்லல?"

"நீ என்ன செய்யிறன்னு பாத்தேன். பொய்ப் பூன்னு தெரிஞ்சாலும் ஆத்தா காலடியில வெச்ச செவப்பு, பயம் வுடல, அதான் கெஞ்சினேன்." ஒரு கைப்பிடி மொட்டைக் கூடையில் போட்டாள். "உங்கப்பன நீ காட்டிக் குடுக்கல. சாமி கோவத்தையும் உன் தலைல போட்டுக்கிட்ட. அப்படிப்பட்டவ எங்க போனாலும் பொழச்சுக்குவா. போயிட்டு வா." பிறகு என் பாதிச் செடிகளை ஒரு பார்வை பார்த்தாள். "இதுக்கு ஆள் வெச்சுக்கலாம். ரொம்ப நாளா உன்னைவிட நல்லாப் பறிக்கிற ஆளாத் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

இதெல்லாம் நடந்து மூன்றாவது வருடம் ஓடுகிறது. விடுப்பில் வந்திருக்கும்போது இதை எழுதுகிறேன். பயிற்சியில் முதல் ஓட்டத்தில் நான் ஐந்தாவதாக வந்தேன். கடைசி ஓட்டத்தில் முதலாவது. நாலில் ஒருத்தியாக நிற்பேனா என்று தெரியாது, நிற்பேன் என்று நினைக்கிறேன். நிற்காவிட்டாலும் பெரியப்பாவுக்குச் சொன்ன பதிலை மாற்ற வேண்டியதில்லை. பெரியப்பா இப்போது என்னிடம், தன் வீட்டில் வாடகை பாக்கி வைத்திருப்பவர்களை மிரட்டித் தரச் சொல்கிறார்.

கிளம்பிய நாளைத்தான் சொல்ல வேண்டும். மொரப்பூர் ரயில் நிலையத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்தார்கள். அம்மா புளிச்சோறு கட்டியிருந்தாள். பெங்களூர்க் குளிருக்கு என்று ஒரு மங்கி குல்லாவைப் பைக்குள் திணித்தாள். எனக்கு அதுவரை இருந்த தைரியம் ரயில் சத்தம் கேட்டதும் கொஞ்சம் ஆடியது.

ரயில் நின்றது. நான் ஏறிக் கதவருகே நின்றேன். அப்பா கீழே நின்றுகொண்டு மடியிலிருந்து இரண்டு வாழையிலைப் பொட்டலங்களை எடுத்தார். ஒரே அளவு, ஒரே கட்டு. இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றை வைத்து என் முன்னால் நீட்டினார்.

"கண்ண மூடிக்கிட்டு ஒன்ன எடு."

அம்மா, "மறுபடி ஆரம்பிச்சிட்டாரு" என்றாள்.

கண்ணை மூடினேன். வலதைத் தொட்டேன். ஒல்லி மொட்டு, கூர் நுனி. எடுத்துக்கொள்ளாமல் இடதுக்கு விரலை நகர்த்தினேன். ரயில் அசைந்தது. அப்பா கையை நீட்டியபடியே கூட நடந்தார், முழங்காலை இழுத்துக்கொண்டு. அதுவும் ஒல்லி. அதுவும் கூர்.

"இதுவும் மோசடிதான்பா" என்று கத்தினேன்.

"ஆமா" என்றார் அப்பா, என் பின்னால் ஓடிக்கொண்டே. "ரெண்டையும் எடுத்துக்க."